தொலைதூர லென்ஸ் கிட்டின் எடையைக் குறைப்பது எப்படி? டெல்டாவில் பறவைப் படமெடுப்போருக்கு முழுமையான வழிகாட்டி

வடுவூர் ஏரிக்கரை, உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரைச் சேற்றுவெளி, முத்துப்பேட்டை அலையாத்தி என்று 500, 600 மி.மீ லென்ஸோடு அலைபவர்களுக்கான வழிகாட்டி இது. கிட் (கேமரா, லென்ஸ், டிரைபாட், பை எல்லாம் சேர்ந்தது) கனமாக இருக்கிறது, பத்து மணிக்குள் தோள் விட்டுப்போகிறது, ஆனால் லென்ஸை விற்கவும் மனமில்லை என்றால் இங்கே சொல்வது உதவும்.

புதிதாக எடை குறைக்க இறங்குபவர்கள் கடைக்குப் போவதில் தொடங்குகிறார்கள். கார்பன் டிரைபாட் (முக்காலி) ஒன்றை வாங்கி அரைக் கிலோ குறைப்பார்கள். பையில் மூன்று கிலோ வேண்டாத சாமான் அப்படியே கிடக்கும். வரிசை மாறினால் காசும் போகும், எடையும் குறையாது. அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். பெரிய பணம் செலவாகும் படி வேண்டுமென்றே கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

5 கிலோ வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று. பையை எடை போட, பெட்டிகளைத் தொங்கவிட்டுப் பார்க்கும் கொக்கித் தராசு. டிரைபாட் திருகுகளுக்கான ஆலன் கீ. ஒரு நோட்டு, பேனா. போன சீசனில் எடுத்த படங்கள், அழிக்காமல்.

இந்த வேலையை புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை பிடித்து, வெளியூர்ப் பறவைகள் இறங்கத் தொடங்கிய பிறகு கிட்டைப் பிரித்துப்போட்டால், பழகாத சாமானோடு களத்தில் நிற்க வேண்டிவரும்.

2. எல்லாவற்றையும் எடை போட்டு மூன்று கணக்காகப் பிரியுங்கள்

கம்பெனி எழுதியிருக்கும் எடையை நம்பி உட்காராதீர்கள். அது பொய் என்று சொல்லவில்லை. எதைச் சேர்த்து, எதை விட்டு என்பதில்தான் விஷயம். நிக்கான் 200-500 லென்ஸ் டிரைபாட் காலரோடு (லென்ஸைச் சுற்றிப் பூட்டும் வளையம்) 2300 கிராம், காலர் இல்லாமல் 2090 கிராம். சோனி 200-600க்குச் சொல்லும் 2115 கிராமில் டிரைபாட் ஃபுட் (அந்த வளையத்தின் அடிப்பாதம்) சேராது. ஹூட், மூடி, அடியில் மாட்டிய பிளேட், ஸ்ட்ராப் எல்லாம் அதற்கு மேல். களத்தில் எப்படித் தூக்குவீர்களோ அப்படியே மாட்டித் தராசில் வையுங்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். படம் எடுக்கும்போது கையில் தாங்குவது முதல் பத்தி. நடக்கும்போது தோளில் தொங்குவது இரண்டாவது. பையில் சும்மா கிடப்பது மூன்றாவது.

ஏன் பிரிக்க வேண்டும்? மூன்றும் மூன்று விதமாக வலிக்கும். கையில் தாங்கும் 300 கிராம், முதுகில் கிடக்கும் ஒரு கிலோவை விட சீக்கிரம் படத்தைக் கெடுக்கும். முதுகில் இருப்பது களைப்பைத் தரும், அவ்வளவுதான். மொத்த எடையை மட்டும் பார்ப்பவர்கள் பையைக் குறைத்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். கை அப்படியே நடுங்கிக்கொண்டிருக்கும்.

டெல்டாவில் அடிக்கடி பார்க்கும் ஒரு கிட்டின் கணக்கு இது: நிக்கான் 200-500 லென்ஸ் 2300 கிராம், டி500 கேமரா பேட்டரியோடு 860, அலுமினியக் கிம்பல் ஹெட் (கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கித் திருப்பும் டிரைபாட் தலை) சுமார் 1400, அலுமினிய டிரைபாட் சுமார் 2500. நடக்கும்போது தோளில் ஏறுவது மட்டும் 7 கிலோவுக்கு மேல். பை, தண்ணீர், சில்லறைச் சாமான் சேர்த்தால் 12 கிலோ தாண்டும். வழிகாட்டி முழுக்க இந்தக் கிட்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

3. பழைய படங்களிடம் கேளுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எதைக் குறைக்கலாம் என்பதற்கான பதில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கிறது.

பிடித்த படங்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றின் விவரப் பகுதியையும் திறந்து பாருங்கள். எந்த மி.மீட்டரில் எடுத்தது, ஷட்டர் வேகம் என்ன, எத்தனை மணிக்கு எடுத்தது, இந்த மூன்றும் போதும்.

பெரும்பாலானவை 500 மி.மீட்டரிலேயே இருந்தால் சின்ன ஜூமுக்கு மாறும் யோசனையை விட்டுவிடுங்கள். 300 முதல் 400க்குள் நிறைய இருந்தால் உங்களுக்கு இன்னும் லேசான லென்ஸ் போதும். வடுவூரில் கரையோரத்து மரங்களில் உட்காரும் நத்தைகுத்தி நாரையையும் அரிவாள் மூக்கனையும் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். கோடியக்கரைப் பூநாரை வேறு கதை. அது எப்போதும் தூரத்தில்தான் நிற்கும்.

ஷட்டர் வேகம் 1/1600க்கு மேல் இருக்கும் படங்களுக்கு டிரைபாட் அசைவைக் குறைக்க உதவியிருக்காது, எடையைத் தாங்கத்தான் உதவியிருக்கும். எடையைத் தாங்க அதைவிட லேசான வழிகள் இருக்கின்றன. 1/250க்குக் கீழே நிறைய இருந்தால், நீங்கள் விடியலிலும் அந்தியிலும் வேலை செய்பவர்; தாங்கியை முழுக்கக் கைவிடக்கூடாது.

நேரத்தையும் பாருங்கள். வெயில் ஏறிய பிறகு சேற்றுவெளியின் மீதும் வேதாரண்யம் உப்பளங்களின் மீதும் காற்று சூடேறி அலையலையாக எழும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையின் இறகு விவரம் கரைந்துபோகும். இதற்கு 800 மி.மீ லென்ஸும் மருந்தல்ல. அந்த அலையையும் சேர்த்துப் பெரிதாக்கும். உங்கள் நண்பகல் தூரப் படங்கள் எல்லாம் மசமசப்பாக இருந்தால் இன்னும் நீளமான, கனமான லென்ஸ் தேடாதீர்கள். அந்த நேரத்தில் பக்கத்துப் பறவையை எடுங்கள், இல்லை நிழலில் உட்காருங்கள்.

4. காசு செலவில்லாமல் விடக்கூடியதை முதலில் விடுங்கள்

பையைத் தரையில் கொட்டுங்கள். போன சீசனில் ஒருமுறைகூட வெளியே எடுக்காத ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள். வழக்கமாக அங்கே சேர்வது: ஃபிளாஷ், 18-55 லென்ஸ், இரண்டு மூன்று ஃபில்டர்கள், சார்ஜர், லென்ஸ் வாங்கும்போது வந்த தடித்த உறை, எதற்கென்றே தெரியாத கேபிள்கள்.

பேட்டரி கிரிப் இருந்தால் கழற்றுங்கள். உள்ளே இரண்டாவது பேட்டரியோடு 300 கிராமுக்கு மேல் போகும், அதுவும் முதல் பத்தியில், கையில். நிமிர்த்திப் பிடித்து எடுக்கச் சுகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் நீர்ப்பறவைப் படங்களில் முக்காலே மூணு வீசம் படுக்கை வாட்டில்தான் எடுப்பீர்கள். தனிப் பேட்டரி 80 கிராம் அளவுதான், அது சட்டைப்பையில் இருக்கட்டும்.

லென்ஸ் முன்னால் மாட்டிய யுவி ஃபில்டரையும் கழற்றலாம். எடை பெரிதில்லை, ஆனால் 95 மி.மீ அகலமுள்ள மலிவுக் கண்ணாடி ஒன்று நீள லென்ஸின் கூர்மையைக் கெடுப்பது கண்ணுக்கே தெரியும்.

இனி, விடக்கூடாதவை. எடை குறைக்கும் வேகத்தில் புதியவர்கள் முதலில் தூக்கிப் போடுவது லென்ஸ் ஹூட். அது பிளாஸ்டிக், சில நூறு கிராம்கூட வராது. பக்கவாட்டு வெயிலைத் தடுப்பதோடு கடற்கரைக் காற்றில் வரும் உப்புத் துளியும் படகில் தெறிக்கும் தண்ணீரும் முன் கண்ணாடியில் படாமல் பாதி தடுப்பது அதுதான். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஹூட்டையும் விட்டுப் போனால் லென்ஸுக்கு எந்தக் காப்பும் இல்லை.

தண்ணீரையும் குறைக்காதீர்கள். கோடியக்கரைக் காட்டுக்குள் நடந்தால் நினைத்த இடத்தில் கடை கிடையாது. தை மாதத்திலும் புழுக்கம் ஆளை உருக்கும். ஒன்றரை லிட்டர் என்றால் ஒன்றரைக் கிலோ, சரி. போகப்போகக் குறைகிற ஒரே எடை அதுதான். மழையுறையும் பையில் இருக்கட்டும். நவம்பர் வானத்தை நம்பி 2 லட்சம் ரூபாய் சாமானைத் திறந்துவைத்து நடக்க முடியாது.

5. தாங்கியை இடத்துக்குத் தக்கபடி மாற்றுங்கள்

பெரிய எடை இங்கேதான் இருக்கிறது. நம் உதாரணக் கிட்டில் 7 கிலோவில் கிட்டத்தட்ட 4 கிலோ டிரைபாடும் கிம்பலும். அதனால் லென்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதை முடியுங்கள்.

கார்பன் டிரைபாட் வாங்கலாமா என்பது எல்லோருடைய முதல் கேள்வி. அதே உயரம், அதே தாங்குதிறன் உள்ள அலுமினியத்தை விட அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ குறையும். விலை இரண்டு மூன்று மடங்கு ஏறும். அதற்கு முன் கேட்க வேண்டியது, நீங்கள் போகும் இடத்தில் டிரைபாட் நிற்குமா?

வயல் வரப்பில் நிற்காது. ஒரு முழ அகல வரப்பில் மூன்று கால்களை விரித்தால் இரண்டு கால் சேற்றுக்குள் போகும், பயிரும் மிதிபடும். வயல்காரர் "தம்பி, நட்ட வயல்ல காலை வைக்காதீங்க" என்று சொல்லும் முன் நாமே ஒதுங்கிவிடுவது மரியாதை. வரப்புக்கும் ஏரிக்கரைக்கும் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி)தான். மோனோபாடும் அதற்கான முன்பின் சாயும் டில்ட் ஹெட்டும் சேர்த்து 900 கிராம் அளவில் முடியும். ஏறத்தாழ 3900 கிராம் இருந்த இடத்தில் 900. ஒரே மாற்றத்தில் 3 கிலோ.

ஈர மண்ணில் மோனோபாட் நுனி இறங்கிக்கொண்டே போகும். பெரிய கொட்டாங்குச்சி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் நுனியை வைத்தால் இறங்காது. கண்ணுள்ள பாதி சிரட்டையாக எடுங்கள். அந்தக் குழியில் நுனி வழுக்காமல் உட்காரும். காசு கொடுத்து வாங்கும் அகலப் பாதமும் உண்டு, ஆனால் இதற்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

கண்காணிப்புக் கோபுரத்தில் கைப்பிடிச் சுவர்தான் தாங்கி. அதன் மேல் பீன் பேக் (நிரப்பிப் பயன்படுத்தும் துணிப்பை) ஒன்றைப் போட்டு லென்ஸைக் கிடத்தினால் டிரைபாடை விட உறுதி. கோபுரத்தின் தளம் பிறர் நடக்கும்போது அதிரும். தளத்தில் ஊன்றிய டிரைபாட் அந்த அதிர்வை அப்படியே வாங்கும். மணல் மூட்டைபோலக் கிடக்கும் பீன் பேக் கொஞ்சத்தை விழுங்கிவிடும். காரின் கதவுக் கண்ணாடி விளிம்புக்கும் இதுவே.

பீன் பேக்கை நிரப்பித் தூக்கிப் போகாதீர்கள். வெறும் பை 150 கிராம்தான், மடித்தால் துண்டளவு. போன இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம், அதுவும் டெல்டாவில் நிரப்பப் பொருளா இல்லை? எதை நிரப்புவது என்பதில்தான் கணக்கு. உமி லிட்டருக்கு 100 முதல் 150 கிராம், நெல் 550 முதல் 600 கிராம், காய்ந்த மணல் ஒன்றரைக் கிலோவும் மேலும். 4 லிட்டர் பையை உமியால் நிரப்பினால் அரைக் கிலோ, நெல்லால் நிரப்பினால் இரண்டேகால் கிலோ, மணலால் நிரப்பினால் 6 கிலோ.

உமி லேசு, ஆனால் மெத்தென்று திரும்ப எழும்பும். கனமான லென்ஸ் அதில் மெல்ல அசையும். நெல் நன்றாகப் படியும். நடக்கத் தேவையில்லாத இடத்தில் நெல், நடக்க வேண்டியிருந்தால் உமியும் கருக்காயும் (மணி பிடிக்காத பதர்) கலந்தது. வழியில் ரைஸ் மில்லில் உமி சும்மாவே கிடைக்கும். அறுவடைக் காலத்தில் களத்தில் தூற்றிக்கொண்டிருப்பவர்களிடம் "அக்கா, ரெண்டு படி கருக்கா கிடைக்குமா?" என்றால் மறுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை, எதற்கு என்று விசாரிப்பார்கள், அதற்கு மட்டும் பதில் தயாராக இருக்க வேண்டும்.

நிரப்பும்போது கேமராவைப் பையில் மூடி வையுங்கள். உமித் தூசு நுண்ணியது, லென்ஸ் கழற்றும் இடத்தில் புகுந்தால் சென்சாரில் போய் உட்காரும். உள்ளே ஒரு மெல்லிய துணிப்பை, வெளியே ஜிப் வைத்த பை என்று இரட்டையாக இருந்தால் கொட்டாது. உப்பள மணலையோ கடற்கரை மணலையோ நிரப்பவே கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, பட்ட இடத்திலுள்ள திருகை எல்லாம் அரிக்கும்.

கோடியக்கரைத் திறந்தவெளியில் இன்னொரு வழி, உட்கார்ந்துவிடுவது. இரு முழங்காலையும் மடக்கி முழங்கைகளை அதன் மேல் ஊன்றினால் உடம்பே தாங்கி. நிமிர்ந்து நிற்கும் ஆளைக் கண்டு எழும்பும் பூநாரைக் கூட்டம் தரையோடு ஒட்டிய உருவத்துக்கு அவ்வளவு பதறுவதில்லை. வனத்துறை அனுமதித்த பாதையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்து தெரியும் இடத்தில் முழங்கால் வரை இறங்கும்.

முத்துப்பேட்டைப் படகில் எதையும் ஊன்றாதீர்கள். இன்ஜின் அதிர்வு பலகை வழியாக மோனோபாடுக்கும், அதன் வழியாக லென்ஸுக்கும் ஏறும். கையில் பிடித்தால் உடம்பு அதைத் தின்றுவிடும். மோனோபாடைக் கரையிலேயே விட்டுப் போகலாம்.

டிரைபாட் கட்டாயம் வேண்டியது இரண்டு நேரம்: அந்தியில் கூடு திரும்பும் பறவைகளை மெதுவான ஷட்டரில் எடுக்க, அப்புறம் வீடியோ. அதற்குக் கொண்டுபோகும்போது நடுத்தண்டைக் கழற்றிவிடுங்கள். 200, 300 கிராம் குறையும். தண்டை உயர்த்தி லென்ஸை ஆட்டும் கெட்ட பழக்கமும் போகும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எடை குறைகிறது என்று கிம்பலுக்குப் பதில் சின்ன பால் ஹெட் (உருண்டை மேல் திரும்பும் தலை) போடுவது. பிடி தளர்ந்த நொடியில் 3 கிலோ முன்பக்கமாகக் கவிழும். விரல் நசுங்கும், சில சமயம் டிரைபாடே சாயும்.

6. காலர், ஃபுட், பிளேட்

மோனோபாடும் இல்லாமல் முழுக்கக் கையில் பிடித்து எடுக்கப் போகும் நாளில் காலரைக் கழற்றலாம். 200-500 லென்ஸில் 210 கிராம் குறையும். சில லென்ஸ்களில் வளையம் கழலாது, கீழே உள்ள ஃபுட் மட்டும் கழலும். ஆலன் கீ வைத்து மெதுவாகத் திருகுங்கள். கழற்றிய திருகை ஃபுட்டிலேயே மாட்டி வையுங்கள், தனியாக வைத்தால் தேவைப்படும் நாளில் கிடைக்காது.

காலரைக் கழற்றிவிட்டு, கேமராவின் காதுகளில் மாட்டிய ஸ்ட்ராப்பில் மொத்தத்தையும் தொங்கவிட்டு நடப்பது இங்கே நடக்கும் பெரிய தவறு. 2 கிலோ லென்ஸின் முழு இழுப்பும் கேமராவின் மவுண்ட் வளையத்தில் விழும். ஒவ்வொரு அடிக்கும் ஆடும். நாளடைவில் மவுண்ட் திருகுகள் தளரும், ஒரு பக்கம் மட்டும் ஃபோகஸ் விலகும், காரணம் புரியாமல் சர்வீஸுக்கு அலைவீர்கள். கனமான லென்ஸ் மாட்டியிருந்தால் நடக்கும்போது பிடி எப்போதும் லென்ஸில் இருக்க வேண்டும்.

காலர் வேண்டும், ஆனால் எடை குறைய வேண்டும் என்றால், ஃபுட்டுக்கு அடியில் தனியாகத் திருகிய நீள பிளேட்டை எடுத்துவிட்டு, அடிப்பாகமே ஆர்கா சுவிஸ் வடிவில் (டிரைபாட் தலையில் நேராகப் பூட்டும் பிளேட் வடிவம்) வெட்டிய மாற்று ஃபுட் போடலாம். 100 கிராம் அளவு மிச்சம். அதைவிட முக்கியம், நடுவில் தளர ஒரு திருகு குறைகிறது.

7. ஸ்ட்ராப்

எடை இதனால் குறையாது, ஆனால் இரண்டாவது பத்தியை ஏறத்தாழ மறக்கச் செய்வது இதுதான். கழுத்தில் மாட்டும் ஸ்ட்ராப்பை இன்றே கழற்றுங்கள். குறுக்காகத் தோளில் போடும் அகலப் பட்டையை லென்ஸ் ஃபுட்டில் மாட்டினால் கேமரா இடுப்போரம் தலைகீழாகத் தொங்கும், எடை தோளில் பரவும்.

ஒரே திருகில் தொங்குவதால், அந்தத் திருகை ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை தொட்டு இறுக்குங்கள். கேமராவின் காதுக்கும் பட்டைக்கும் இடையே மெல்லிய காப்புக் கயிறு ஒன்றும் இருக்கட்டும். அது தொய்வாகவே இருக்க வேண்டும், எடை தாங்கக்கூடாது.

8. பை

கேமராவுக்கென்றே விற்கும் பெரிய முதுகுப் பைகளை வெறுமையாக எடை போட்டுப் பாருங்கள். பல 2 கிலோவைத் தொடும். உள்ளே ஒரே கேமரா, ஒரே லென்ஸ்தான் என்றால் 30 லிட்டர் சாதாரண நடைபயணப் பை ஒன்றும், உள்ளே வைக்கும் மெத்தைப் பெட்டி ஒன்றும் போதும். ஒரு கிலோவில் முடியும். இடுப்புப் பட்டை உள்ள பையாகப் பாருங்கள். அது எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும்.

மெத்தை குறைந்த பையை பஸ்ஸில் மேல் பலகையில் வைக்காதீர்கள், மடியில்தான். பைக்கில் போனால் முதுகில். ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் வைத்தால் கிராமச் சாலையின் ஒவ்வொரு குழியும் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி அடுக்குகளில் போய் இறங்கும்.

9. இதற்குப் பிறகுதான் கடை

இதுவரை வந்தால் நம் உதாரணக் கிட் தோளில் 7 கிலோவிலிருந்து 4 கிலோ அளவுக்கு வந்திருக்கும். இந்த 3 கிலோவுக்காக வாங்கியது ஒரு மோனோபாடும் டில்ட் ஹெட்டும் மட்டும். இந்த நிலையில் ஒரு மாதம் படமெடுங்கள். பலருக்கு இதற்கு மேல் தேவையிருக்காது.

இன்னும் கை வலிக்கிறதென்றால், கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா? புதியவர்கள் கேமராவுக்குத்தான் போகிறார்கள். டி500லிருந்து கேனான் ஆர்7க்குப் போனால் 860லிருந்து 612 கிராம். குறைவது கால் கிலோ, கம்பெனி மாறுவதால் லென்ஸும் புதிதாக வாங்க வேண்டும். லென்ஸில் அப்படியில்லை. 200-500க்குப் பதில் நிக்கான் 500 எஃப்/5.6 பிஎஃப் (லேசான வகைக் கண்ணாடி அமைப்பு) என்றால் 2300 கிராம் 1460 ஆகும். அதே நீளம், அதே ஒளி, 840 கிராம் குறைவு. எடையும் கேமராவை ஒட்டியே இருப்பதால் முன்பக்கம் சாயும் இழுப்பும் குறையும். ஜூம் போய்விடும் என்பதுதான் கொடுக்கும் விலை. 3ஆம் படியில் உங்கள் படங்கள் எல்லாம் 500 மி.மீட்டரிலேயே இருந்தன என்றால் அது இழப்பே இல்லை.

கேனான்காரர்களுக்கு ஆர்எஃப் 100-500 இருக்கிறது, காலர் இல்லாமல் 1370 கிராம். இன்னும் லேசாக ஆர்எஃப் 600 எஃப்/11, வெறும் 930 கிராம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடையைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் நேராக இங்கே வருகிறார்கள்.

எஃப் எண் கூடினால் லென்ஸ் உள்ளே விடும் ஒளி குறையும்; ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப். எஃப்/5.6க்கும் எஃப்/11க்கும் இடையே இரண்டு ஸ்டாப். ஒளி நாலில் ஒரு பங்கு. எஃப்/5.6 லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 800 போதுமான இடத்தில் இதற்கு 3200 வேண்டும். வெயில் வந்த கோடியக்கரை வெளியில் இது பிரச்சினையே இல்லை, அருமையாக வேலை செய்யும். மார்கழி விடியலில் மூடுபனிக்குள் நிற்கும் ஏரியிலும், மழை மேகம் கவிந்த கார்த்திகையிலும் படம் புள்ளி புள்ளியாக வரும். பல கேமராக்களில் ஃபோகஸ் பிடிக்கும் பகுதியும் திரையின் நடுப்பக்கமாகச் சுருங்கும். உங்கள் படங்களில் காலை ஏழு மணிக்கு முந்தையவை பாதிக்கு மேல் இருந்தால் இந்த லென்ஸ் உங்களுக்கல்ல.

லேசான லென்ஸில் கன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் உருப்பெருக்கி) மாட்டி நீளத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியைத் தின்னும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப். நிக்கான் 300 எஃப்/4 பிஎஃப் 755 கிராம்தான்; 1.4 கன்வெர்ட்டரோடு 420 மி.மீ எஃப்/5.6 ஆகும். டி500 போன்ற கிராப் சென்சாரில் (முழு அளவை விடச் சிறிய சென்சார்) அது 630 மி.மீ போலப் பார்வை தரும். ஒரு கிலோவுக்குள் இப்படி ஒரு ஜோடி கிடைப்பது சாதாரணமில்லை. வரப்பில் நாள் முழுக்க நடப்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

லென்ஸே மாற்றாத நிக்கான் பி950 போன்ற கேமராக்களும் உண்டு. 1005 கிராமில் எங்கோ நிற்கும் பறவையை அடையாளம் காட்டிவிடும். இனம் பதிவு செய்வது மட்டும் நோக்கமென்றால் தயங்காமல் வாங்கலாம். பறக்கும் ஆலாவைத் துரத்தி எடுக்க ஆகாது.

பழைய லென்ஸ் வாங்கினால், டார்ச் அடித்து முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் உள்ளே பாருங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை ஓடியிருக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

10. களத்துக்குப் போகும் முன் சோதித்துப் பாருங்கள்

எடை குறைந்த கிட் அதிகமாக ஆடும். கனமான லென்ஸ் கையின் சின்ன நடுக்கத்துக்கு எளிதில் அசையாது, லேசானது அசையும். அதனால் பழைய ஷட்டர் வேகத்தை அப்படியே நம்பக்கூடாது.

காலையில், வெயில் ஏறுமுன், 30 மீட்டர் தள்ளி எழுத்து உள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். 1/250, 1/500, 1/1000, 1/2000 என ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படம். முதலில் பீன் பேக்கில், பிறகு மோனோபாடில், கடைசியில் கையில். கணினியில் முழு அளவில் பார்த்து, பத்தில் எட்டு கூர்மையாக வந்த மிகக் குறைந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் உங்கள் கிட்டின் எல்லை அது. மோனோபாடில் 1/500, கையில் 1/1000 என்பதுபோல ஏதோ ஒன்று வரும்.

சோதனையை மத்தியானத்தில் செய்யாதீர்கள். வெப்ப அலையால் வரும் மசமசப்பை லென்ஸின் குறை என்று நினைத்து, சரியான சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

முடிவு பீன் பேக்கில் நன்றாகவும் கையில் மோசமாகவும் இருந்தால் பிடியைச் சரிசெய்யுங்கள். இடது உள்ளங்கை லென்ஸின் நடுப்பகுதிக்கு அடியில், எடை சமமாகும் இடத்தில் இருக்க வேண்டும். பலர் கேமராவை ஒட்டிப் பிடிக்கிறார்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும்.

11. திரும்பி வந்த அன்றே

மெலிந்த கிட்டில் மூட்டுகளும் திருகுகளும் மெல்லியவை. உப்பும் சேறும் அவற்றைச் சீக்கிரம் பிடிக்கும். மோனோபாடின் எல்லாப் பகுதிகளையும் நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே நிழலில் காய விடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் பூட்டுக்குள் உப்பு உறைந்து, அடுத்த முறை திருக வராது.

லென்ஸின் முன் கண்ணாடியில் முதலில் காற்று ஊதி மணலை விரட்டுங்கள், பிறகுதான் ஈரத்துணி. நேராகத் துடைத்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். பீன் பேக்கில் உள்ள உமியையும் கருக்காயையும் அன்றே கொட்டிவிடுங்கள், ஈரம் பட்டால் வண்டு வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவையும் லென்ஸையும் வைத்து மூடுங்கள். ஜெல்லின் நிறம் மாறிவிட்டால் வாணலியில் மெதுவாக வறுத்து எடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், சமையலுக்கு வைத்திருக்கும் வாணலியில் அல்ல.